கண்ணாடி ஃபியூஸில் கம்பி சுற்றிய மகானுக்கு

ஃபியூஸ் போனால் போகட்டும் என்று விட மாட்டீர்களா ஐயா? போவதற்காகத்தானே அதை வைத்திருக்கிறார்கள்! போவதுதான் அதன் வேலை. உங்கள் வேலை என்ன என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நேற்று தஞ்சாவூர் போய்விட்டுக் கும்பகோணம் திரும்பி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கில் ஏறியது வார்னிஷ் கருகிய வாடை. பம்ப்செட் வைத்திருக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடவு நேரமாகப் பார்த்து மோட்டார் காயில் கருகும்போது வயிற்றைப் பிசையுமே, அதேதான். ஆனால் எங்கள் கூடத்தில் மோட்டார் கிடையாது. பின்பால் மிஷின்தான் இருக்கிறது. சாய்ந்த பலகையில் உருண்டு வருகிற இரும்புக் குண்டை மட்டையால் தட்டித் தட்டி ஸ்கோர் ஏற்றுகிற, காசு போட்டு ஆடுகிற பழைய விளையாட்டுப் பெட்டி.

உள்ளே போனால் எலக்ட்ரீஷியன் அண்ணன் ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். "வா தம்பி, உன் மிஷினை ரெடி பண்ணியாச்சு" என்கிறார், சிரித்த முகத்தோடு!

அவர் வந்தது ஃபேன் ரெகுலேட்டர் மாற்ற. அதை மாற்றினாரா? இல்லை. அம்மா பாவம், "தம்பியோட பொட்டியும் ரெண்டு நாளா எரியல, அதையும் ஒரு பார்வை பாத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒரு பார்வை! நம் ஊரில் ஒரு பார்வை என்றால் ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், பல் எல்லாம் சேர்த்துத்தான். கரண்ட் போய்ப் போய் வந்ததில் உள்ளே கண்ணாடி ஃபியூஸ் ஒன்று போயிருந்தது. அவ்வளவுதான் விஷயம். மாற்று ஃபியூஸ்களைக் காசு போடுகிற கதவுக்கு உள்பக்கம் ஒரு கவரில் போட்டு, மேலே 'ஸ்பேர் ஃபியூஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். "பாக்கலையாண்ணே?" என்றேன். "பாத்தேன் தம்பி. உள்ள மயிராட்டம் கம்பி. அதெல்லாம் நிக்காது."

நிக்காதாம்.

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து ஒரு வயர் துண்டை எடுத்தார். பல்லால் கடித்து ரப்பரை உரித்தார். உள்ளே இருந்த செம்பு இழைகளைக் கொத்தாக முறுக்கினார். போன ஃபியூஸின் இரண்டு மூடிக்கும் சேர்த்து நறுவிசாகச் சுற்றி, பழைய கிளிப்பிலேயே மாட்டினார். "இனிமே உன் ஆயுசுக்கும் போகாது" என்று அம்மாவிடம் கேரண்டி வேறு. வாக்கு தவறவில்லை. ஃபியூஸ் போகவே இல்லை. அதைத் தவிர மற்றதெல்லாம் போயிற்று.

அதோடு எழுந்து போயிருந்தாலாவது பிழைத்திருப்பேன். பந்து ஓடுகிற ஆடுபலகையைத் தூக்கி நிறுத்திப் பார்த்தாராம். அடியில் ஒரு சின்னத் தகடு வளைந்திருந்ததாம். "எவனோ வளைச்சு வச்சிருந்தான், நிமித்தி விட்டேன்."

அந்த எவன் சிகாகோக்காரன். 1970-களில், பின்பால் மிஷின் செய்த கோட்லீப் கம்பெனியில் உட்கார்ந்து, தெரிந்துதான் வளைத்தான். பந்தைத் தட்டுகிற மட்டைக்கு ஃப்ளிப்பர் என்று பெயர். அதை இயக்குகிற ஒரே காயிலில் இரண்டு தனிக் கம்பிச் சுற்று இருக்கும். ஒன்று மட்டையைப் படாரென்று தூக்குகிற முரட்டுச் சுற்று. இன்னொன்று தூக்கிய மட்டையைப் பிடித்து வைத்திருக்கிற சாதுச் சுற்று. மட்டை மேலே போய் முட்டிய கணத்தில் அந்தத் தகடு விலகும். விலகினால்தான் சாதுச் சுற்று நடுவே புகுந்து கரண்டைக் குறைக்கும். விலகாவிட்டால் முரட்டுச் சுற்று முழு வேகத்தில் இழுத்துக்கொண்டே கிடந்து கொஞ்ச நேரத்தில் வெந்துபோகும். அப்படி வேகாமல் காப்பாற்றத்தான் ஃபியூஸ். நம்மவர் தகட்டை நிமிர்த்தினார், ஃபியூஸில் கம்பியைக் கட்டினார். கொலை செய்கிறவன்கூட இவ்வளவு திட்டமாகச் செய்ய மாட்டான்.

ஆன் பண்ணியதும் அக்கா பையன் ஓடிவந்து பட்டனை அமுக்கியிருக்கிறான். சின்னப் பையன், அமுக்கினால் விடுவானா? பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறான். புகை வந்திருக்கிறது. பையன், "மாமா, புகை வருது" என்று சொல்லியிருக்கிறான். வீட்டிலேயே புத்தியுள்ள ஒரே ஆள் அவன்தான். அதற்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் சொன்ன பதிலைக் கல்லில் வெட்டிப் பெரிய கோயில் சுவரில் பதிக்கலாம்: "ரொம்ப நாள் ஓடாம கெடந்ததுல்ல, ஈரம் காயுது. நல்லா அமுக்கு."

ஈரம் காயுதாம்! நல்லா அமுக்காம்!

இந்த மிஷினை வாங்கின நாள் முதல் இதே கதைதான். விற்ற மகராசன், "நல்ல ஓட்டத்துல இருக்கு சார்" என்றான். எல்லாப் பழைய சாமானும் விற்கிறவன் வீட்டில் நல்ல ஓட்டத்தில்தான் இருக்கும். அமெரிக்காவுக்காகச் செய்தது, 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு 230, 50. வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்பார்மர் வாங்கிவிடலாம், ஹெர்ட்ஸை என்ன செய்வது? உள்ளே சுற்றுகிற மோட்டார் கொஞ்சம் நிதானமாகத்தான் சுற்றுகிறது, ஸ்கோர் எண்ணைக் காட்டுகிற டிரம்மும் 'டக்... டக்...' என்று யோசித்து யோசித்து ஏறுகிறது. அதுகூடப் பரவாயில்லை. ஐப்பசி அடைமழையில் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கிற ரிலே காண்டாக்ட் எல்லாம் களிம்பு பிடித்துக்கொள்கிறது. கல்யாணப் பத்திரிகை ஓரத்தைக் கீற்றாக வெட்டி, இரண்டு காண்டாக்டுக்கு நடுவில் விட்டு மெல்ல இழுத்தால் கறுப்பாக அழுக்கு வரும். அழகான வேலை, பொறுமையான வேலை. அதைப் பார்த்துவிட்டு ஒரு சித்தப்பா, "ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விடேன்" என்றார். எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும், பொறி பறக்கிற இடத்தில் கரி கட்டும் என்று விளக்கினால், "எங்க தையல் மிஷினுக்கு விடுறோமே" என்கிறார். சரி சித்தப்பா.

அம்மா ஒருநாள் நான்கு காலுக்கும் கீழே கிண்ணம் வைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். எறும்பு ஏறாதாம். பலகாரமா இருக்கிறது உள்ளே? நான் மட்டப் பலகை வைத்து, கால் போல்ட்டை மயிரிழை மயிரிழையாகத் திருகி, பின்பக்கம் எவ்வளவு தூக்கவேண்டுமோ அவ்வளவு தூக்கி வைத்திருந்தேன். நான்கு கிண்ணமும் நான்கு உயரம். பந்து விட்டதும் நேராக இடதுபக்கச் சாக்கடைக்குள், அதாவது ஆட்டத்தை விட்டு வெளியே விழுகிற சந்துக்குள், போகிறது. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம். அது தப்பில்லை, ஆயுதம்தானே. விபூதியைக் கொண்டுபோய்க் காசு போடுகிற ஓட்டைக்குள் தூவியது யார் என்பதைக் குலதெய்வம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பெரிய மாமா வந்தால் வேறு பாட்டு. "சூதாட்ட மிஷினை நடுக் கூடத்துல வச்சிருக்கியேடா." கடுப்பு என்னவென்றால், அவருக்குத் துணையாக ஒரு நியூயார்க் மேயரே இருக்கிறார். லா கார்டியா என்று பெயர். 1942-இல் இது சூது என்று தடை போட்டு, சம்மட்டியால் உடைத்துக் காட்டினார். அப்போது ஃப்ளிப்பரே கிடையாது, அது 1947-இல்தான் வந்தது. அதற்குப் பிறகும் தடையை எடுக்க 1976 ஆகிவிட்டது. ரோஜர் ஷார்ப் என்பவர் நகர சபைக்கு முன்னால் பந்து எந்தச் சந்து வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடியே இறக்கிக் காட்டினார், இது கைத்திறமைதான் என்று. நானும் மாமாவுக்கு முன்னால் ஆடிக் காட்டினேன். கிண்ணத்துக் காலம் அது. மூன்று பந்தும் இடதுபக்கச் சாக்கடை. "சூதுதான்" என்று சொல்லிவிட்டு மாமா சாப்பிடப் போய்விட்டார்.

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் வெந்த காயிலைக் கழற்றி நீட்டினேன். கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, "சரக்கு மட்டம் தம்பி. சைனாவா?" என்றார். ஐம்பது வருஷமாகக் கெடாத சரக்கு! இவர் கை பட்டு அரைமணி நேரம் தாங்கவில்லை! கூலியும் கேட்டார். கொடுத்தேன். கொடுக்காவிட்டால் அம்மா கொடுத்திருப்பார், மேலே பஜ்ஜியும் வைத்து.

இன்று காலையில் அந்தக் காயிலைத் தூக்கிக்கொண்டு மோட்டார் காயில் கட்டுகிற கடைக்குப் போனேன். கடை முழுக்கச் சப்மெர்சிபிள் மோட்டார், ஆளாளுக்கு வயலில் தண்ணீர் நிற்கவில்லை என்று அவசரம். நடுவில் நான், உள்ளங்கையில் அடங்குகிற ஒரு காயிலோடு. மாஸ்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எத்தனை எச்.பி.?"

அந்த இடத்தில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஹார்ஸும் இல்லை, பவரும் இல்லைண்ணே, ஒரு இரும்புக் குண்டு, எண்பது கிராம், அதைத் தட்டணும், அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற விவசாயி, "தட்டுனா என்ன கிடைக்கும்?" என்றார். "மணி அடிக்கும்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாஸ்டரிடம், "முதல்ல அவருக்குக் கட்டிக் குடுத்து அனுப்புப்பா, பாவம்" என்றார்.

மாஸ்டர் மனுஷன். கருகின கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றை எண்ணினார், கம்பி கனத்தை அளந்தார், இரண்டு சுற்றும் தனித்தனி என்று நான் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார். வாயைத் திறந்து "ஒண்ணும் ஆகாது" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை என்ன செய்வது என்று பைபாஸ் பக்கம் காபி குடிக்கப் போனேன் பாருங்கள், அதைச் சொல்லாமல் விட முடியாது. 'கும்பகோணம் டிகிரி காபி' என்று போர்டு. அட, கும்பகோணத்துக்குள்ளேயே எதற்கய்யா கும்பகோணம் என்று போர்டு? சென்னை ரோட்டில் வைக்கிறீர்கள், ஏமாறுகிறவர்கள் ஏமாறட்டும். இங்கேயுமா? பித்தளை டபரா மட்டும் பளபளவென்று இருக்கிறது. உள்ளே டிகாக்ஷனும் இல்லை, பாலும் இல்லை, சூடான ஏதோ ஒன்று. மீதி கேட்டால் சில்லறை இல்லையாம், கையில் இரண்டு மிட்டாயைத் திணிக்கிறான்!