ஆடு மேய்ப்பவனுக்கு வேதாகமம் கூடாது

சீர்திருத்த ஞாயிறான அக்டோபர் கடைசி ஞாயிறு வந்தால் நம் சபைகளில் வருஷா வருஷம் ஒரே கதைதான். ரோமச் சபை வேதாகமத்தை லத்தீனில் பூட்டி வைத்திருந்தது, ஜெர்மனியின் மார்ட்டின் லூத்தர் வந்து பூட்டை உடைத்தார், அன்றிலிருந்து ஏழை எளியவன் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து வேதம் வாசிக்கத் தொடங்கிவிட்டான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் சீர்திருத்தச் சபையில் வளர்ந்தவன்தான், லூத்தர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் இதில் நமக்கு வசதியான பாதியை மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

லூத்தரின் புதிய ஏற்பாடு வெளிவந்தது 1522-ல். அதற்குள் ஜெர்மன் மொழியில் முழு வேதாகமம் 18 தடவை அச்சாகியிருந்தது, முதலாவது 1466-லேயே. இத்தாலிய மொழியில் 1471-ல் வெனிஸில் அச்சிட்டார்கள். தடையே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1229-ல் பிரான்சின் துலூஸில் கூடிய திருச்சபைச் சங்கம், குருமார் அல்லாதவர்கள் வேதாகமத்தைக் கையில் வைத்திருக்கவே கூடாது என்றது, சங்கீதப் புத்தகம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இங்கிலாந்தில் 1409-லிருந்து ஆயர் அனுமதியில்லாமல் மொழிபெயர்ப்பதே குற்றம். ஆக ஊருக்கு ஊர் நிலைமை வேறு. அதை ஒரே பூட்டு, ஒரே சாவி என்று சுருக்கிவிட்டோம்.

சரி, பூட்டை உடைத்ததாகச் சொல்லும் பக்கம் என்ன நடந்தது? இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேலை 1536-ல் பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். இரண்டே வருஷத்தில், 1538-ல், ஒவ்வொரு சபையிலும் ஒரு பெரிய ஆங்கில வேதாகமம் வைக்க வேண்டும் என்று எட்டாம் ஹென்றியின் அரசு உத்தரவு போட்டது. 1539-ல் அச்சாகி வந்த அந்தப் பெரிய வேதாகமத்தில் பாதிக்குமேல் டிண்டேலின் உழைப்புதான், பேர் மட்டும் போடவில்லை. அதன் முகப்புப் படத்தைத் தேடிப் பாருங்கள். மேலே ராஜா உட்கார்ந்துகொண்டு இரண்டு பக்கமும் புத்தகத்தை நீட்டுகிறார், ஆயர்களும் பிரபுக்களும் வாங்குகிறார்கள். அடியில் ஜனங்கள். அவர்கள் கையில் புத்தகம் இல்லை. பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டு "ராஜா வாழ்க" என்று கத்துகிறார்கள், அதுவும் பெரும்பாலும் லத்தீனில்! வரைந்தவர் எவ்வளவு உண்மையாக வரைந்திருக்கிறார் பாருங்கள்.

வாங்கலாமே என்றால், பைண்டு செய்யாத பிரதிக்கே பத்து ஷில்லிங், அதாவது 120 பென்ஸ். கூலிக்காரனுக்கு நாள் கூலி நாலு பென்ஸ் அளவில் இருந்த காலம், அப்படியானால் ஒரு மாதச் சம்பளம். அதனால் கூட்டாக வாங்கினார்கள். செம்ஸ்ஃபோர்டில் சில ஏழைகள் சேர்ந்து ஒரு புதிய ஏற்பாடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் பின்பக்கம் உட்கார்ந்து வாசிக்க, சுற்றிக் கூட்டம் கூடியது. வில்லியம் மால்டன் என்ற பையனும் அங்கே போய் நின்றான். அப்பா வந்து இழுத்துக்கொண்டு போனார். பையன் விடவில்லை. தானே வாசிக்கக் கற்றுக்கொண்டு, அப்பாவிடம் வேலை கற்ற இன்னொரு பையனுடன் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்கிப் படுக்கை வைக்கோலுக்குள் ஒளித்து வைத்தான். சிலுவையை வணங்குவது விக்கிரகாராதனை என்று அவன் பேசியது தெரிந்ததும் அப்பா அவனை அடித்து, கழுத்தில் கயிற்றையே மாட்டிவிட்டார். பின்னாளில் இதையெல்லாம் மால்டனே எழுதி வைத்திருக்கிறார்.

அரசுக்கும் அந்த அப்பாவைப் போலத்தான் பயம் வந்தது. 1543-ல் ஒரு சட்டம். பெண்கள், கைவினைஞர்கள், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர்கள், உழவர்கள், கூலிகள் ஆங்கில வேதாகமத்தைத் தனியாகவும் வாசிக்கக் கூடாது, பிறர் கேட்கவும் வாசிக்கக் கூடாது. பிரபு தன் வீட்டாருக்கு வாசித்துக் காட்டலாம். பிரபு வீட்டுப் பெண்மணி தனக்குள் வாசித்துக்கொள்ளலாம், இன்னொருவருக்குக் கேட்கக் கூடாது. இதைப் போட்டது போப்பாண்டவர் இல்லை, அவரைத் தூக்கி எறிந்த ராஜா. சாராயக் கடையில் எல்லாம் வேதவசனத்தை வைத்து வாக்குவாதம் நடக்கிறது என்று 1545-ல் பாராளுமன்றத்திலேயே புலம்பினார். அதற்கு அடுத்த வருஷம், செயின்ட்பரி குன்றில் ஆடு மேய்த்த ராபர்ட் வில்லியம்ஸ் என்பவர் தான் வாங்கிய வேறொரு புத்தகத்தில் எழுதி வைத்தார்: மேய்ப்பர்கள் வேதம் வாசிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டதால் இதை வாங்கினேன், இந்தக் குருட்டுத்தனத்தைக் கடவுள் திருத்தட்டும். பிறந்த இயேசுவைப் பார்க்க முதலில் ஓடி வந்தவர்களே மேய்ப்பர்கள்தானே, என்ன சட்டமோ!

லூத்தரன் ஸ்வீடனும் சளைத்ததில்லை. 1686-ல் சபைச் சட்டமே எல்லோரும் வாசிக்கக் கற்க வேண்டும் என்றது, போதகர் வீடு வீடாகப் போய்ச் சோதித்தார். உண்மையிலேயே பெரிய சாதனை, பள்ளிக்கூடம் இல்லாத கிராமத்திலும் பெண்கள் உட்பட வாசித்தார்கள், பலருக்கு எழுத மட்டும் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் கூடி வாசிக்காமல் இருப்பார்களா? 1726-ல் அதற்கும் தடை வந்தது, 1858 வரை நீடித்தது.

எனக்கு உறுத்துவது இதுதான். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வேதம் எப்போதும் காது வழியாகத்தான் போனது. பவுலின் நிருபங்களே சபையில் சத்தமாக வாசிக்க எழுதப்பட்டவை, வாசித்த பிறகு லவோதிக்கேயா சபைக்கும் அனுப்புங்கள் என்று கொலோசெயருக்கு எழுதுகிறார். செம்ஸ்ஃபோர்டில் கூடியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்தே தெரிந்திருக்காது. 1640-களில்கூட இங்கிலாந்து ஆண்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் 30 சதவீதம்தான். நம் சபைகளிலும் எழுத்துக் கூட்டத் தெரியாத வயதான அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் தினம் எத்தனை அதிகாரம் வாசிக்கிறீர்கள் என்று கேட்டுக் குற்ற உணர்ச்சி ஏற்றுகிறோம். அப்புறம் ஞாயிறு ஆராதனையில் பழைய ஏற்பாடு, நிருபம், சுவிசேஷம் என்று மூன்று பாடமும் முழுசாக வாசிப்பது நேரம் வீணாம், புதிதாக வந்த பல சபைகளில் அதை எடுத்தே விட்டார்கள். பிரசங்கியார் இரண்டு வசனத்தை வாசித்துவிட்டு ஒரு மணி நேரம் தன் கருத்தைப் பேசுகிறார். அந்த அம்மாவுக்கு அந்த வாரத்துக்குக் கிடைத்த வேதம் அந்த இரண்டு வசனம்தான்.