நேட்டிவ் பதிப்பு கேட்பதை நிறுத்துவோம்

லினக்ஸ் இயங்குதளத்தில் கேம் ஆடுகிறவர்களிடையே ஒரு பழைய கோரிக்கை இன்னமும் உயிரோடு இருக்கிறது: ஒவ்வொரு கேமுக்கும் லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட ஒரு நேட்டிவ் பதிப்பு வேண்டும், விண்டோஸ் பதிப்பைப் புரோட்டான் (விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓடவைக்கும் மென்பொருள்) வழியாக ஓட்டுவதெல்லாம் இரண்டாந்தர ஏற்பாடு. லினக்ஸில் மட்டுமே ஆடுகிறவன் என்ற முறையில், இக்கோரிக்கையைக் கைவிடலாம் என்றே நான் நினைக்கிறேன்.

2013 பிப்ரவரியில் வால்வ் நிறுவனத்தின் கேம் விற்பனைத் தளமான ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தபின் சில ஆண்டுகள் நேட்டிவ் பதிப்புகள் நிறையவே வெளிவந்தன. அப்போது வாங்கியவற்றை இன்றைய ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகையில் திறந்துபாருங்கள். ஒன்று ஏதோ ஒரு லைப்ரரி (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக்கோப்பு) கிடைக்காமல் தொடக்கத்திலேயே மூடிக்கொள்ளும். இன்னொன்றில் ஒலி வராது. ஒழுங்காகத் திறப்பதிலும், விண்டோஸ் பதிப்புக்கு வந்த அப்டேட்கள் இதற்கு வந்திராததால், விண்டோஸில் ஆடும் நண்பரோடு சேர முடியாது. ராக்கெட் லீக் என்ற கேம் 2020 மார்ச்சில் லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவை நிறுத்தியபோது, அதன் விண்டோஸ் பதிப்பைப் புரோட்டானில் ஓட்டித்தான் பலர் தொடர்ந்து ஆடினார்கள்.

இதற்குக் காரணம் கேம் நிறுவனங்களின் சோம்பேறித்தனம் மட்டுமல்ல. தன்மீது ஓடும் நிரல்களை முறித்துவிடக்கூடாது என்பதில் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் மிகக் கண்டிப்பானது; அதற்கு மேலடுக்கிலுள்ள லைப்ரரிகளிடம் அந்தக் கண்டிப்பு இல்லை. பெரும்பாலான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2022 ஆகஸ்டில் வந்த 2.36 பதிப்பு, லைப்ரரிக்குள் தேட உதவும் பழைய ஹேஷ் அட்டவணை ஒன்றை இயல்நிலையில் சேர்க்காமல் விட்டது. கேம்களில் ஏமாற்றுவதைத் தடுக்கும் மென்பொருளான ஈஸி ஆன்டி-சீட் அதைத்தான் நம்பியிருந்ததால், அதைப் பயன்படுத்திய கேம்கள் திடீரென நின்றுபோயின. நிரல்கள் விண்டோஸோடு பேசப் பயன்படுத்தும் வின்32 இடைமுகமோ பல பத்தாண்டுகளாகப் பெரிதும் மாறாமல் இருக்கிறது; விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் என்ற மென்பொருள் 1993 முதல் லினக்ஸில் மறு ஆக்கம் செய்துவருவதும் அதைத்தான். கேலிக்கூத்தாகத் தோன்றினாலும், லினக்ஸில் ஒரு கேம் நீண்டகாலம் உயிர்வாழ மிகப் பாதுகாப்பான வடிவம் டாட் இஎக்ஸ்இ என்ற விண்டோஸ் கோப்புதான்.

2018 ஆகஸ்டில் வால்வ் வெளியிட்ட புரோட்டான், வைனோடு டிஎக்ஸ்விகே போன்றவற்றைச் சேர்த்துக் கட்டியது. விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்3டியின் 9, 10, 11 பதிப்புகளுக்கான அழைப்புகளை டிஎக்ஸ்விகே, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற வரைகலை இடைமுகத்துக்கு மாற்றித் தருகிறது. 12-க்கு விகேடி3டி-புரோட்டான் இருக்கிறது. பிராசஸர் கட்டளைகள் அப்படியே நேரடியாக ஓடுவதால், இதை, வேறொரு கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டரோடு ஒப்பிட்டு வேகத்தைப் பற்றிக் கவலைப்படுவது பொருந்தாது. 2025 மார்ச்சில் வந்த கெர்னல் 6.14-இல், ஒரே நேரத்தில் ஓடும் பணிகளை விண்டோஸ் பாணியில் ஒத்திசைக்கும் என்டிசிங்க் டிரைவரே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கிறோமே என்ற மறுப்பு நியாயமானது. ஆனால் வைனும் டிஎக்ஸ்விகேவும் திறந்த மூலநிரல்கள். வால்வ் நாளையே விலகினாலும் பிறர் அவற்றைத் தொடர முடியும். கைவிடப்பட்ட நேட்டிவ் பதிப்பின் மூலநிரலோ நமக்குக் கிடைப்பதே அரிது.

உண்மையான முட்டுக்கட்டை ஆன்டி-சீட். ஈஸி ஆன்டி-சீட்டும் பேட்டில்ஐயும் 2021 செப்டம்பரிலேயே புரோட்டானை ஆதரிப்பதாக அறிவித்தன. எனினும் அதை அனுமதிப்பதா என்பது ஒவ்வொரு கேம் நிறுவனத்தின் முடிவு. அப்படி அனுமதித்திருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற கேம், ஏமாற்று நிரல்களைக் காரணம் காட்டி 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸை விலக்கியது. பயனரே கெர்னலை மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய கணினியை எப்படி நம்புவது என்ற கேம் நிறுவனங்களின் தயக்கத்தை வெறும் சாக்கு என்று நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் அந்தச் சிக்கல் நேட்டிவ் பதிப்பு வந்தாலும் அப்படியே இருக்கும். ஆகவே நிறுவனங்களுக்கு எழுதும்போது இரண்டை மட்டும் கேட்போம்: வெளியீட்டுக்கு முன் புரோட்டானில் சோதித்துப் பாருங்கள், ஏமாற்றைச் சர்வர் பக்கத்திலும் கண்டுபிடித்து, ஆன்டி-சீட்டில் லினக்ஸை அனுமதியுங்கள்.