எஸ்தர் வெர்கேர் 'தோல்வியே காணாதவர்' அல்ல

'வாழ்நாளில் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்காத சக்கர நாற்காலி டென்னிஸ் வீராங்கனை, நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் ஒற்றையர் பட்டம், நான்கு ஒலிம்பிக் தங்கம்' என்று நெதர்லாந்தின் எஸ்தர் வெர்கேர் படத்துடன் ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்றுமே பிழை.

அவர் தோற்றிருக்கிறார். 2003 ஜனவரி 30 அன்று சிட்னியில் ஆஸ்திரேலியாவின் டேனியலா டி டோரோவிடம் தோற்றதுதான் ஒற்றையரில் கடைசித் தோல்வி. அதன்பின் 2013 பிப்ரவரியில் ஓய்வை அறிவிக்கும் வரை தொடர்ந்து 470 ஒற்றையர் வெற்றிகள். 'தோல்வியே இல்லை' என்ற கதை இந்த எண்ணிலிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். இரட்டையர் இதில் சேராது. 2008 பெய்ஜிங் பாராலிம்பிக் (மாற்றுத்திறனாளிகளுக்கான சர்வதேச விளையாட்டுப் போட்டி) இரட்டையர் இறுதியில் தோற்று வெள்ளிதான் பெற்றார். அதே பெய்ஜிங்கில் ஒற்றையர் இறுதியிலும் சக நெதர்லாந்து வீராங்கனை கோரி ஹோமனிடம் ஒரு செட்டை இழந்து, மூன்றாவது செட் டைபிரேக்கில்தான் (செட் சமநிலையில் இருக்கும்போது முடிவு செய்யும் ஆட்டம்) தப்பினார்.

நான்கு கிராண்ட்ஸ்லாம்களில் ஒன்றான விம்பிள்டனின் ஒற்றையர் பட்டம் அவருக்குக் கிடைத்திருக்கவே முடியாது. அங்கே சக்கர நாற்காலி ஒற்றையர் பிரிவு தொடங்கியதே 2016-இல். அவர் காலத்தில் இரட்டையர் மட்டும்தான்.

தங்கங்கள் ஒலிம்பிக்கில் அல்ல, பாராலிம்பிக்கில் வென்றவை: ஒற்றையரில் 2000, 2004, 2008, 2012 என நான்கு, இரட்டையரில் மூன்று. ஆக, அந்தச் செய்தி அவருடைய தங்கங்களைக் குறைத்தும் சொல்கிறது!

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு, சர்வதேச பாராலிம்பிக் குழு ஆகியவற்றின் இணையதளங்களில் இவற்றைச் சரிபார்க்கலாம். அந்தப் படத்தை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். உங்கள் குழுவுக்கு வந்தால் இந்த விளக்கத்தைப் பதிலாகப் போடுங்கள்.