மீசை முளைத்த பிறகும் ஆட்டிசம் இருக்கும்

ஏப்ரல் 2 வந்தால் என் டைம்லைன் முழுக்க நீல நிறம்தான். ஐ.நா. சபை 2007-இல் தீர்மானம் போட்டு, 2008 முதல் கடைப்பிடிக்கப்படும் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். நல்ல விஷயம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படங்களில் இருப்பவர்கள் எல்லோரும் நாலைந்து வயதுப் பிள்ளைகள். பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் பிள்ளைகள். பஸ் ஸ்டாண்டில் கையை உதறிக்கொண்டு, "ஊ ஊ" என்று சத்தம் போட்டபடி நிற்கும் ஆறடி இளைஞனின் படத்தை யாரும் போடுவதில்லை. என் மகனுக்கும் ஆட்டிசம்தான், அதாவது பேச்சையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு. அவனுக்கு இப்போது 19 வயது. அதனால் எனக்கு இது உறுத்துகிறது.

ஆட்டிசத்துக்காக நம் வீடுகள் செலவழிக்கும் பணமும் தெம்பும் முதல் ஆறேழு வருடத்திலேயே தீர்ந்துபோகின்றன. அரசின் கவனமும் 18 வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் ஐம்பது அறுபது வருடங்களுக்கு யாரிடமும் ஒரு திட்டமும் இல்லை. இதைச் சொன்னால், "சின்னப் பிள்ளைகளோட அம்மாக்களைப் பயமுறுத்தாதீங்க அக்கா" என்கிறார்கள். பயமுறுத்துவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேரும் அம்மாக்கள் பெரும்பாலும் நள்ளிரவில்தான் எழுதுவார்கள். "ஆறு வயசுக்குள்ள பேச்சு வரலைன்னா அப்புறம் வரவே வராதாமே?" எந்தத் தெரபி சென்டரிலோ சொல்லியிருப்பார்கள். சீக்கிரம் கண்டுபிடித்துப் பயிற்சியைத் தொடங்குவது நல்லதுதான், அதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஒன்றரை வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம். பேச்சு வர வேண்டும் என்று சீர்காழிப் பக்கம் திருக்கோலக்கா கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்பவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கும்பிட்டுவிட்டு அப்படியே குழந்தை நரம்பியல் மருத்துவரையோ வளர்ச்சிநிலை மருத்துவரையோ பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

கோபம் எதில் என்றால், அந்த ஆறு வயதுக் கெடுவைக் காட்டிக் கல்லா கட்டுவதில். நகையை அடகு வைத்து ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசி போட ஓடுகிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதைச் செய்வது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆனாலும் விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. பிள்ளைக்கு 20 வயதாகும்போது தேவைப்படுகிற பணம், 5 வயதிலேயே போய்விடுகிறது.

டொனால்ட் டிரிப்லெட் என்று ஒருவர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊர்க்காரர். மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் ஆய்வுக் கட்டுரையில் வரும் பதினொரு குழந்தைகளில் முதல் குழந்தை இவர்தான். மூன்று வயதில் டாக்டர் பேச்சைக் கேட்டு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வருடத்தில் பெற்றோரே திரும்பக் கூட்டிவந்துவிட்டார்கள். அப்புறம் சில வருடம் ஒரு விவசாயத் தம்பதியின் பண்ணையில் வளர்ந்தார். பையனுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும், எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தம்பதி அதை நிறுத்தப் பார்க்கவில்லை. கிணறு தோண்டச் சொல்லி, ஆழத்தை அளந்து சொல்ல வைத்தார்கள். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணினானா, சரி, உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார்கள். கானர் 1945-இல் நேரில் போய்ப் பார்த்தபோது, பையன் குதிரையைத் திருப்பித் திருப்பி நேர்த்தியாக உழுதுகொண்டிருந்தான். பின்னாளில் டொனால்ட் கல்லூரி முடித்தார், வங்கியில் வேலை பார்த்தார், 27 வயதில் கார் ஓட்டக் கற்றார், கோல்ஃப் ஆடினார், உலகம் சுற்றினார். 2023-இல், 89 வயதில் காலமானார்.

வங்கியே அவருடைய தாய்வழிக் குடும்பத்துடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொடுத்துவைத்தவர். பணம் இல்லாத வீட்டுப் பையனுக்கு அந்த வாழ்க்கை அமைந்திருக்காது, அவருடைய தோலின் நிறம் வேறாக இருந்திருந்தால் அந்தக் கால மிசிசிப்பியில் கேட்கவே வேண்டாம். ஆனாலும் பண்ணையும், கிராமத்துப் பள்ளியும், அவரை அவர்போக்கில் விட்ட ஊர்க்காரர்களும் செய்ததைப் பணத்தால் மட்டும் செய்திருக்க முடியாது. இன்றைக்கு அப்படி எண்ணிக்கொண்டே இருக்கும் பையனை நம்மூரில் என்ன செய்கிறோம்? "கையைக் கீழே போடு, கண்ணைப் பார்த்துப் பேசு" என்று மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அடக்கப் பார்க்கிறோம்.

தெரபி எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எதற்கு எடுக்கிறீர்கள் என்று கேட்கிறேன். ஃபிளாஷ் கார்டில் ஒட்டகச்சிவிங்கியைச் சரியாகக் காட்டும் எட்டு வயதுப் பையனுக்குக் கால் கழுவத் தெரிவதில்லை. ஒட்டகச்சிவிங்கி அவன் வாழ்க்கையில் குறுக்கே வரப்போவதே இல்லை. தானாகக் குளிப்பது, கடையில் பாக்கிச் சில்லறைக்கு நிற்பது, பல் வலிக்கிறது என்று வாயாலோ படத்தாலோ டேப்லெட்டிலோ சொல்வது, பிடிக்காத ஒருவர் தொட்டால் "வேணாம்" என்று காட்டுவது, இவைதான் அவனோடு கடைசி வரை வரும்.

என் மகனுக்கு முடிவெட்டுவது பெரிய பாடு. டிரிம்மர் சத்தம் அவனுக்கு ஆகாது. முதலில் ஓடாத டிரிம்மரைக் கையில் கொடுத்தோம், பிறகு பக்கத்து அறையில் ஓடவிட்டோம். கன்னத்தில் வைக்க அவன் விடுவதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எங்கள் தெரு சலூன் அண்ணனுக்குச் செவ்வாய்க்கிழமை கடை லீவு. அன்றைக்கு ஷட்டரைப் பாதி தூக்கி, ரேடியோவை அணைத்து, அவனுக்கு மட்டும் வெட்டிவிடுவார். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை.

இதைவிடச் சங்கடமான பேச்சு ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் வயதுக்கு வருவார்கள். பையன் பொது இடத்தில் கால்சட்டைக்குள் கை விட்டால் அடிக்கிறோம். அடிப்பதால் உடம்பு வளர்வது நிற்காது. அதற்கு உன் அறை இருக்கிறது, கதவைச் சாத்திக்கொள் என்று பத்துப் பதினொரு வயதிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்க வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் நடப்பது இன்னும் கொடுமை. மாதவிலக்கைச் சமாளிக்க முடியவில்லை, யாராவது ஏதாவது செய்துவிடுவார்களோ என்று கருப்பையை எடுத்துவிட டாக்டரைக் கேட்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். 1994-இல் மகாராஷ்டிரத்தில் ஷிரூர் அரசு விடுதியில் இருந்த, அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு அரசே அதைச் செய்து நாடே அதிர்ந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, சம்பந்தப்பட்டவரின் சம்மதமில்லாமல் மலடாக்கும் எந்தச் சிகிச்சையும் கூடாது என்கிறது. அந்த அம்மாக்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் கருப்பையை எடுத்தால் மாதவிலக்குதான் நிற்கும். அத்துமீறுகிறவன் நிற்கமாட்டான், மாட்டிக்கொள்வோமே என்ற பயமும் அவனுக்குப் போய்விடும்.

18 வயது முடிந்த மறுநாள் என்ன ஆகிறது தெரியுமா? அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு தரும் இலவசக் கல்வி 6 முதல் 18 வரைதான். பிள்ளைகளுக்கான அரசு உடல்நலப் பரிசோதனைத் திட்டமும் 18 வரைதான். அந்த நாள் முதல் அவன் சட்டப்படி மேஜர், அவனுக்காக நாம் போடும் கையெழுத்து பேங்கில் செல்லாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் (கார்டியன்) ஆணை வாங்க வேண்டும். பேங்கில் திருப்பி அனுப்பும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. தெரிந்து போனாலும், "குழு எப்போ கூடும்னு சொல்ல முடியாதும்மா" என்பார்கள். காப்பாளர் ஆணை வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்தச் சட்டை போடுவது, யார் பக்கத்தில் உட்காருவது என்பதெல்லாம் இன்னமும் அவன் முடிவுதான். 2016 சட்டம் வரையறுக்கப்பட்ட காப்பாளர் முறையை, அதாவது அவனோடு சேர்ந்து முடிவெடுக்கும் முறையை, பேசுவதே அதற்காகத்தான்.

வேலைக்கு வந்தால், அரசுப் பணி 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் எல்லோரும் சேர்ந்து பங்கு போட வேண்டும். பேச்சு வராத என் மகனைப் போன்றவர்கள் அந்தத் தேர்வு அறையின் வாசலைக்கூடத் தொட முடியாது. எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று அரசைக் கேட்டால் அதற்கும் பதில் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆட்டிசத்துக்குத் தனிக் கட்டமே கிடையாது. 1995-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் ஆட்டிசம் என்ற பெயரே இல்லை என்பதால், இன்று முப்பது வயதைத் தாண்டியவர்களில் பலர் கையில் வேறு ஏதோ குறைபாட்டுச் சான்றிதழ்தான் இருக்கிறது.

"எனக்கு ஒரு நாள் முன்னாடி அவன் போயிடணும்" என்று சொல்லாத ஆட்டிச அம்மாவைப் பார்ப்பது கஷ்டம். மேடையில் யாராவது இதைச் சொன்னால் கூட்டம் கண்ணீர் விட்டுக் கைதட்டுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தான் பெற்ற பிள்ளை சாக வேண்டும் என்று ஒரு பெண் வேண்டுகிற நிலையில் கைதட்ட என்ன இருக்கிறது? அவளுக்கு ஏன் அந்தப் பயம் என்றால், மிச்சமிருக்கும் இடங்கள் எப்படிப்பட்டவை என்று தெரியும். ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நம் தலைமுறை மறக்காது. அதன்பின் விதிகள் வந்தன, சரி. ஆனால் ஊருக்கு வெளியே, காம்பவுண்டு சுவருக்குள் நூறு பேரை அடைத்துவைக்கும் இல்லம் எங்களுக்கு வேண்டாம். கடைத்தெருவுக்கு நடந்துபோகும் தூரத்தில் நாலைந்து பேர் தங்கும் வீடு, ஒழுங்கான சம்பளம் வாங்கும் பயிற்சி பெற்ற பணியாளர்கள், சொல்லாமல் வந்து சோதிக்கும் அதிகாரி. கூடவே தாலுகாவுக்கு ஒரு பகல்நேர மையமாவது. அக்காவோ தம்பியோ பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கையும் விடுங்கள், அவர்களுக்கும் அவர்கள் வாழ்க்கை இருக்கிறது.

வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். பகல்நேர மையம், உள்ளூர்க் குழு கூடும் தேதியை முன்கூட்டியே அறிவிப்பது, 18 வயது தாண்டியவர்களை மாவட்ட அளவில் கணக்கெடுப்பது என்று மூன்றே கோரிக்கைகள். மனு எண்ணை மறக்காமல் வாங்கிவைத்துக்கொள்வோம். உங்கள் மாவட்டத்திலும் கொடுக்க விரும்பினால் உள்பெட்டியில் கேளுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன். 15 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை உள்ளவர்கள் கீழே மாவட்டத்தையும் வயதையும் மட்டும் எழுதுங்கள். பிள்ளையின் பெயரும் படமும் வேண்டாம், போடலாமா என்று அவர்களிடம் நாம் கேட்கவில்லை.