சொந்த மைதானம் என்றால் காலுக்குத் தெரிந்த மைதானம்

அந்தக் குரல் பதிவை நேற்று இரவிலிருந்து எனக்கு எத்தனை பேர் அனுப்பிவிட்டீர்கள்! போதும், இனி அனுப்ப வேண்டாம். பழைய மாணவர் குழுவில் வந்த நிமிடமே நானும் கேட்டுவிட்டேன். "உதைபந்துப் பொடியன்கள் கொஞ்ச நாள் வேற எங்கயாச்சும் ஓடட்டும். அவங்கட வீட்டுப் போட்டிதானே, சொந்த இடத்தில விளையாட என்ன பழக்கம் வேணும்?" கடைசியில் ஒரு சிரிப்பு. என் தூக்கம் போனது அந்தச் சிரிப்பினால்தான்.

பேசியவரின் பெயரை எழுதப் போவதில்லை. கல்லூரியின் பெயரையும் எழுத மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே படித்தவன், அந்த உடையைப் போட்டு விளையாடியவன், இப்போது வாரத்தில் நாலு நாள் சம்பளமில்லாமல் கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்ற உரிமையில் மட்டும் எழுதுகிறேன்.

விஷயம் சின்னதுதான். திங்கட்கிழமையிலிருந்து மைதானத்துக் கேற்றில் பூட்டு. வருகிற ஞாயிறு பழைய மாணவர்களின், அணிக்கு ஆறு பேர் ஆடுகிற கிரிக்கெட். அதற்காகப் பிட்ச்சுக்குத் தண்ணீர் விட்டு ரோலர் உருட்டுகிறார்களாம், அதனால் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாதாம். அதற்கு அடுத்த வெள்ளியும் சனியும் அதே மைதானத்தில் எங்கள் பிள்ளைகளின் உதைபந்துச் சுற்றுப்போட்டி. எட்டு அணிகள். பருவத்தின் முதல் போட்டி. அழைப்பிதழில் "சொந்த மைதானத்தில்" என்று தடித்த எழுத்தில் அச்சடித்தாகிவிட்டது. அந்தச் சொந்த மைதானத்தைச் சொந்தக்காரப் பிள்ளைகள் கடந்த நாலு நாளாகக் கேற் கம்பி வழியாகத்தான் பார்க்கிறார்கள்.

சொந்த மைதானம் என்றால் என்ன? பெயர்ப் பலகையா? பாட்டன் காலத்து உறுதிப் பத்திரமா? விளையாடுகிறவனுக்குச் சொந்த மைதானம் என்பது அவன் காலுக்குத் தெரிந்த மைதானம். எங்கள் மைதானத்தில் மேற்குப் பக்கக் கோலுக்கு முன்னாலுள்ள பெனல்டிப் பெட்டியின் வலது மூலையில் ஒரு பள்ளம் இருக்கிறது. மழை விட்டு அரை நாள் போனாலும் அங்கே ஈரம் காயாது, பந்து செத்துவிடும். நடுவில் கிரிக்கெட் களிமண்ணும் புல்லும் சேருகிற விளிம்பில் பந்து பட்டால் திடீரென்று வேகம் எடுத்து வழுக்கும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கடல் காற்று அடிக்கத் தொடங்கினால் உயரத்தில் வருகிற கோர்ணர் பந்து ஒரு முழம் உள்ளே வளையும். இதையெல்லாம் எந்த மாஸ்டரும் கரும்பலகையில் எழுதிச் சொல்ல முடியாது. தினமும் ஓடி ஓடிக் கால்தான் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கத்தைப் பறித்துவிட்டால் வருகிற ஏழு அணிகளுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

இப்போது எங்கே பழகுகிறோம் என்று கேட்டீர்களே. வெள்ளவத்தைக் கடற்கரையில். ரயில் பாதைக்கும் அலைக்கும் நடுவே மிஞ்சியிருக்கிற அந்த மணலில், காலை ஐந்தே முக்காலுக்கு. வட கொழும்பு மட்டக்குளிப் பிள்ளைகள் இருட்டோடு 155ஆம் இலக்க பஸ் பிடித்து வந்து சேர்கிறார்கள். பந்து தண்டவாளத்துப் பக்கம் போனால் எல்லோரும் நின்றுவிட வேண்டும் என்பது நான் போட்ட முதல் சட்டம். அலுவலக நேர ரயில்கள் ஒன்றின் பின் ஒன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் பயிற்சியை நிறுத்தி, தலையை எண்ணி, மறுபடி தொடங்குகிறோம். ஒரு மணித்தியாலத்தில் நாற்பது நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

கோல் கம்பத்துக்கு இரண்டு ஜோடிச் செருப்பு. இடைவெளி 7.32 மீற்றர், அதாவது எட்டு யார். எட்டுப் பெரிய அடி வைத்து அளந்துகொள்கிறோம், அகலம் பரவாயில்லை. உயரம்? 2.44 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டிய குறுக்குக் கம்பியை எங்கே போய்த் தேடுவது? நேற்று எங்கள் கோல் காப்பாளன் ஒரு பந்துக்குப் பின்பக்கமாகப் பாய்ந்து, விரல் நுனியால் தட்டிவிட்டு, முதுகு அடிபட விழுந்தான். எழுந்து வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுக் கேட்டான்: "சேர், அது மேலால போற பந்தா? விட்டிருக்கலாமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நல்ல கோல் காப்பாளனுக்கு எந்தப் பந்தைப் பிடிப்பது என்பதைப் போலவே எந்தப் பந்தை விட்டுவிடுவது என்பதும் தெரிய வேண்டும். தலைக்கு மேலே கம்பி எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே அவன் முதுகு அறிய வேண்டும். வெறும் ஆகாயத்தைப் பார்த்துப் பழகுகிறவனுக்கு அது எப்படி வரும்? பதினேழு வயதுப் பிள்ளை. தகப்பன் புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறார். கையுறையின் கட்டைவிரல் பிய்ந்ததைக் கறுப்பு டேப்பால் சுற்றி வைத்திருக்கிறான். அவன் மேல் ஏழு அணிகள் பந்தடிக்க வருகின்றன, "உனக்கென்ன பழக்கம் வேணும்" என்று சிரிக்கிறார்கள்.

"ஓடத்தானே வேண்டும், கடற்கரையில் ஓடினால் என்ன, நல்ல உடற்பயிற்சிதானே" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். ஐயா, ஓட்டமெல்லாம் இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. கடைசிப் பத்து நாளில் யாரும் மூச்சு வளர்ப்பதில்லை. பின்வரிசை நாலு பேரும் ஒரே கோட்டில் ஏறி இறங்குவது, கோர்ணர் பந்துக்கு யார் முதல் கம்பம், யார் இரண்டாவது கம்பம், ஃப்ரீ கிக்கை மறிக்க வரிசையாக நிற்கிற சுவர் எங்கே நிற்பது, கோல் காப்பாளன் எப்போது வெளியே வருவது, இதற்கான நாட்கள் இவை. இதற்குக் கோடு வேண்டும், கம்பம் வேண்டும், உண்மையான அளவு வேண்டும். அதோடு மணலில் கெண்டைக்காலும் குதிநரம்பும் வேறு மாதிரி உழைக்கின்றன. பத்து நாள் மணலில் ஓடிவிட்டு நேரே இறுகிய தரையில் ஒரு நாளில் இரண்டு ஆட்டம் ஆடச் சொன்னால் தசை பிடிக்கும், கிழியும். உலக உதைபந்துச் சம்மேளனமான பீஃபாவின் 11+ என்று ஒரு சூடேற்றும் பயிற்சி இருக்கிறது, 15 பயிற்சிகள், 20 நிமிடம். காயங்களைக் குறைக்கிறது என்று ஆராய்ந்து சொன்ன முறை. அதை ஒரு நாளும் தவறாமல் செய்விக்கிறேன். ஆனால் நல்ல தரைக்கு அது ஈடாகுமா?

பிட்ச்சைப் பாதுகாக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. களிமண் பிட்ச் எவ்வளவு உழைப்பு என்று எனக்குத் தெரியும், அதைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் மேல் எனக்கு மரியாதை இருக்கிறது. அவர் ஒருநாளும் எங்களை விரட்டியவர் இல்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. பிட்ச் 22 யார், 20 மீற்றர். மைதானத்தின் நீளம் ஏறத்தாழ 100 மீற்றர். நடுவைக் கயிறு கட்டி மூடிவிடுங்கள். இரண்டு பக்கமும் முப்பத்தைந்து, நாற்பது மீற்றர் மிஞ்சுமே. பெனல்டிப் பெட்டியின் ஆழம் 16.5 மீற்றர்தான். ஒரு பக்கத்தை, காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும் கொடுங்கள். இதைக் கடிதமாக எழுதிக் கையிலும் கொடுத்தேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். பதிலாக வந்தது அந்தக் குரல் பதிவு. "வீட்டு விஷயத்தைப் பேஸ்புக்கில் போடலாமா" என்று கேட்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்குள்ளே முதலில் கதவைத் தட்டிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

"காசு கொடுத்துச் செயற்கைப் புல் மைதானம் எடுக்கலாமே" என்கிறீர்கள். யாருடைய காசு?

"கிரிக்கெட்தான் கல்லூரிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது, உதைபந்தில் நாடே எங்கே இருக்கிறது பார், பீஃபாவே தடை போட்டதே" என்ற வாதத்துக்கு மட்டும் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். ஆமாம், 2023 ஜனவரியில் இலங்கைக்குத் தடை போட்டார்கள், ஓகஸ்டில்தான் எடுத்தார்கள். அதனால் அந்த வருடத் தெற்காசியக் கிண்ணத்தில் இலங்கையால் விளையாடவே முடியவில்லை. அது நிர்வாகத்தின் பிழை. அதற்கும் மட்டக்குளியிலிருந்து இருட்டோடு பஸ் ஏறுகிற பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? 2024 செப்டெம்பரில் கம்போடியாவைப் புனோம் பென்னிலேயே வைத்துப் பெனல்டியில் வென்றோமே, அந்த அணியில் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்கள் எங்கள் பிள்ளைகள்தான், மனமார மகிழ்ந்தேன். ஆனால் இங்கே இருக்கிற பிள்ளைக்குக் கேற்றைப் பூட்டிவிட்டு அங்கே வளர்ந்த பிள்ளையைத் தேடிப் போகிற நிலை ஏன் வந்தது என்று யாராவது யோசித்தீர்களா?

1995இல் எனக்கு ஒன்பது வயது. தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதிப் போட்டி சுகததாச விளையாட்டரங்கில், எதிரே இந்தியா. அப்பா என்னைக் கொட்டாஞ்சேனையிலிருந்து நடத்தியே கூட்டிப் போனார். திரும்பி வரும்போது தோளில் தூக்கிக்கொண்டார், அவ்வளவு சனம். 1-0 என்று வென்றிருந்தோம். முன்பின் தெரியாத ஒருவர் என் கையில் ஒரு மாலு பணிஸைத் திணித்துவிட்டுப் போனார். தெருவில் யார் சிங்களம், யார் தமிழ், யார் முஸ்லிம் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அந்த வருடத்தில் அப்படி ஒரு இரவு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும். அடுத்த மார்ச்சில் லாகூரில் அர்ஜுனவின் அணி உலகக் கிண்ணத்தை எடுத்தது. அன்றும் நான் துள்ளினேன், அப்பாவும் துள்ளினார். நான் கிரிக்கெட்டுக்கு எதிரி இல்லை. முரளி பந்து போட்டால் சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு ஓடுகிற வீடு எங்கள் வீடு. ஆனால் அந்த ஒரு வருடத்துக்குள் தெருவில் உருண்ட பந்தெல்லாம் சுருங்கிப் போனதையும் நான்தான் பார்த்தேன். அந்தத் தெற்காசியக் கிண்ணம் அதற்குப் பிறகு எங்களிடம் திரும்பவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். 2003இல் இதே மைதானத்தில், இதே மாதிரி ஒரு களியாட்டத்துக்குப் பிறகு, மேடைச் சாமான் கொண்டுவந்த லொறியின் சில்லுத் தடம் கோல் வாசலுக்கு முன்னால் அப்படியே கிடந்தது. யாரும் நிரப்பவில்லை. மேலே புல்லைத் தூவி மறைத்திருந்தார்கள். பந்துக்குப் பாய நான் ஊன்றிய இடது கால் அந்தத் தடத்துக்குள் போய்த் திரும்பியது. நார் கிழிந்து மூன்று மாதம் படுக்கை. பள்ளிக்கூட உதைபந்து எனக்கு அதோடு முடிந்தது. இன்றும் மழைக்காலத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அந்தக் கணுக்காலை நினைத்துத்தான் இறங்குகிறேன். யாரும் வந்து பார்க்கவில்லை, யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மேடை, மறுபடியும் லொறி. திங்கட்கிழமை நான் கையில் மண்வெட்டியோடு வருவேன். கேற்றைத் திறப்பீர்களா?

மச்சான்மாரே, நீங்கள் நல்லாயிருங்கள். வருடத்துக்கொரு தரம் கூடி, ஆறு பேராக விளையாடி, சாப்பிட்டு, பாட்டுப் போட்டு மகிழுங்கள். உங்களில் பாதிப் பேர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். நான் கேட்பது ஒரு பக்கத்து மைதானத்தில் ஒரு மணித்தியாலம். அதைக்கூடக் கொடுக்க முடியாது என்று சொல்லியிருந்தால் கோபத்தோடு விட்டிருப்பேன். சிரித்தீர்களே. அதற்கும் மேலே இன்று மத்தியானம் குழுவில் இன்னொரு செய்தி: "ஞாயிறு நாற்காலி அடுக்க ஆள் வேணும், உதைபந்து ஜூனியர் டீமை அனுப்பலாமா?" அதற்குக் கீழே பதினான்கு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். உள்ளே கால் வைக்கக் கூடாது என்று சொன்ன அதே பிள்ளைகளுக்கு, நாற்காலி தூக்க மட்டும் கேற் திறக்குமா? கிரிக்கெட் அணியை அனுப்பச் சொல்லி யாருக்கும் ஏன் தோன்றவில்லை? மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை என்று வீட்டு விலாசத்தைப் பார்த்துத்தான் வேலை பிரிக்கிறீர்களா?

கோபத்தில் எழுதுகிறேன் என்று சொல்வீர்கள். ஆமாம், கோபம்தான். அந்தப் பிள்ளைகள் கோபப்படவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. குரல் பதிவை அவர்களும் கேட்டுவிட்டார்கள். இன்று காலை ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வழக்கமாக ரயில் போகும்போது ஜன்னலில் இருக்கிறவர்களுக்குக் கை காட்டிக் கத்துவார்கள். இன்று அப்படியே நின்றார்கள்.

சரி. பூட்டு திறக்கும் வரை வேலை நிற்காது. நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு அதே இடத்தில் இருப்போம். செருப்புக்குப் பதிலாக மூங்கில் நட்டு, மேலே கயிறு இழுத்துக் கட்டிவிட்டால் அவனுக்குக் குறுக்குக் கம்பியின் உயரமாவது தெரியும். மண்ணுக்குள் புதைகிற அளவையும் சேர்த்துப் பதினொரு அடி மூங்கில் இரண்டு வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் இன்று இரவே உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து தூக்கிக்கொள்கிறேன்.