கிளிப்பை எங்கே மாட்டுவது?

இரண்டு மடக்குக் கத்திகள். கடையில் அட்டையில் தொங்கவிட்டு விற்கிற ரகம் இல்லை. இரண்டும் ஒற்றை ஆள் நடத்துகிற பட்டறைகளில் சொல்லிச் செய்தவை. ஆவணி, புரட்டாசி முழுக்க ஒரு நாள் இது, ஒரு நாள் அது என்று மாற்றி மாற்றி எடுத்துப் போனேன். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். "வாழைக்கு உரம் வாங்கக்கூட இவ்வளவு யோசிச்சதில்ல" என்று வீட்டில் சொன்னார்கள். உண்மைதான்.

குடமுருட்டிக் கரையில் எனக்கு ஒன்றரை ஏக்கர். பாதிக்கு மேல் பூவன் வாழை, மிச்சத்தில் நெல். தார் வெட்ட அருவாள் இருக்கிறது, இலை அறுக்கத் தனிக் கத்தி இருக்கிறது. பையில் வைக்கிற கத்தி வேறு கணக்கு. உர மூட்டையின் தையல் நூல், மோட்டார் ஒயரின் தோல், முட்டுக் கட்டிய கயிற்றின் மீதி வால், கொரியர் பெட்டி, கொய்யாப்பழம், காலில் ஏறிய முள். அருவாளை எடுத்தால் அதிகம், நகத்தால் முடியாது என்கிற மாதிரி வேலைகள் ஒரு நாளைக்குப் பத்தாவது வரும். 2018 நவம்பரில் கஜா வந்து தென்னைகள் சாய்ந்து கிடந்தபோது எவனும் பேனாக்கத்தியைத் தேடவில்லை. அருவாளும் ரம்பமும்தான். அதன் எல்லை எனக்குத் தெரியும்.

முதல் கத்தி நானே சொல்லிச் செய்தது. பாதிப் பணம் முன்பணம், ஐந்து மாதம் காத்திருப்பு. பூட்டு கிடையாது. முதுகில் இருக்கிற வில் ஒன்றுதான் அலகைத் திறந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். அலகு மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் கம்மி, முதுகுத் தடிமன் 2.2 மில்லிமீட்டர். இரும்பு 52100, அதாவது பால் பேரிங் செய்கிற இரும்பு. கைப்பிடிக்குத் தஞ்சாவூரில் வீணை செய்கிற ஒருவரிடம் கழிவாகக் கிடந்த பலாத்துண்டைக் கேட்டு வாங்கி அனுப்பினேன். வீணைக்குப் பலாதானே. அந்த மஞ்சள் இப்போதே தேன் நிறத்துக்குத் திரும்ப ஆரம்பித்துவிட்டது. மொத்த எடை 68 கிராம்.

இரண்டாவது என் மச்சினனுடையது. பெங்களூரில் இருக்கிறான், இப்படிக் கத்திகளாகச் சேர்ப்பவன். "அத்தான், ரெண்டு மாசம் வச்சுப் பாருங்க. புடிச்சா நீங்களே எடுத்துக்கங்க, வெல பாத்துப் போட்டுக்கலாம்" என்று கொடுத்துவிட்டுப் போனான். டைட்டானியம் கைப்பிடி, அலகு சுழலுகிற மூட்டில் பால் பேரிங், எம்390 என்கிற துருப்பிடிக்காத இரும்பு. விரலால் ஒரு தட்டு, அலகு பறந்து வந்து பூட்டிக்கொள்ளும். பூட்டு என்றால் தனியாக ஒரு பாகம் கிடையாது. கைப்பிடியின் ஒரு பக்கத் தகட்டிலேயே நீளவாக்கில் வெட்டு விட்டிருப்பார்கள். அந்த நாக்கு உள்ளே சாய்ந்து அலகின் அடிப்பாகத்துக்கு முட்டுக் கொடுக்கும். தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கா போன கிறிஸ் ரீவ் என்பவர் பிரபலமாக்கிய முறை. அவருடைய கத்திக்கு செபென்ஸா என்று பெயர், ஜூலு மொழியில் 'வேலை' என்று அர்த்தமாம். நல்ல பெயர். எடை 124 கிராம்.

அந்த 124 கிராமில்தான் வம்பு ஆரம்பித்தது.

இந்த மாதிரிக் கத்திகள் எல்லாமே ஜீன்ஸ் போட்டவனை மனதில் வைத்துச் செய்யப்படுகின்றன. கைப்பிடியின் ஒரு ஓரத்தில் பேனா மூடியில் இருப்பது போல ஒரு கிளிப். அதைப் பேன்ட் பையின் விளிம்பில் மாட்டினால் கத்தி ஆடாமல் நிற்கும், கை வைத்ததும் வரும். சரி. நான் காலையில் ஐந்தரை மணிக்கு வாய்க்கால் மடையைப் பார்க்கப் போவது மடித்துக் கட்டிய கைலியில். கிளிப்பை எங்கே மாட்டுவது? கைலி மடிப்பில் மாட்டிப் பார்த்தேன். முதல் குனிவிலேயே கைலி எனக்கு எதிராகப் போய்விட்டது. சட்டைப் பையில் போட்டால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்குகிறது, குனிந்தால் தலைகுப்புற விழுகிறது. இதற்கு முன்னால் வைத்திருந்த கத்தி அப்படித்தான் குடமுருட்டிக்குப் போனது. புது வெள்ளம், கலங்கல் தண்ணீர். இறங்கித் தேடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் தாத்தா வைத்திருந்த பேனாக்கத்தியின் பின்முனையில் ஒரு சின்ன வளையம் இருந்தது. அதில் நூல் கோத்து அரைஞாண் கயிற்றில் பெட்டிச் சாவியோடும் முள்வாங்கியோடும் முடிந்திருப்பார். குளிக்கும்போதும் இருக்கும். அதைவிட நல்ல கிளிப்பை இதுவரை எவனும் கண்டுபிடிக்கவில்லை. என் கத்தியைச் செய்யச் சொன்னபோது இந்த வளையத்தைச் சொல்ல மறந்தேன். ஐந்து மாதம் காத்திருந்தும் புத்தி வரவில்லை. ஆனாலும் 68 கிராம் என்பதால் சட்டைப் பையில் பேனாவும் ரசீதும் இருக்கிற கும்பலில் அடங்கி உட்கார்ந்துவிடுகிறது. பித்தான் போடுகிற மூடி வைத்துப் பையைத் தைக்கச் சொன்னேன், டெய்லர் சிரித்தார், தைத்துக் கொடுத்தார்.

இன்னொரு விஷயம், எடையை விடப் பெரியது. திருவையாற்றில் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். விதை பாக்கெட்டைப் பிரிக்க வேண்டும். யோசிக்காமல் மச்சினன் கத்தியை எடுத்துத் தட்டினேன். 'டக்'. பக்கத்து பெஞ்சில் பேச்சு நின்றுபோனது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையை அந்தரத்தில் பிடித்தபடி, "என்னண்ணே, யாரப் போடப் போறீங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் என் எதிரே இருந்த பையன் சிரிக்கவில்லை, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

மறுவாரம் அதே பெஞ்சில் பலாப்பிடிக் கத்தி. இதை அவசரமாகத் திறக்கவே முடியாது. அலகில் நகம் கொடுக்க ஒரு பள்ளம், அதில் நகத்தை வைத்து இரண்டு கையாலும் பெட்டி திறப்பது போலத் திறக்க வேண்டும். ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "பேனாக்கத்தியா தம்பி? இங்க குடுங்க." வாங்கி, மடியிலிருந்து புகையிலையை எடுத்து இரண்டு துண்டு போட்டார். அடுத்து கொட்டைப்பாக்கை எடுத்தார். "அதுக்கு மட்டும் வேணாங்க, கூர் உடைஞ்சுரும்" என்று தடுத்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. அரை மணி நேரம் அவருடைய அப்பாவின் கத்தியைப் பற்றிச் சொன்னார்.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துபவர்களுக்காக: 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளில், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருக்கிற கத்தி வகைகள்தான் பட்டியலில் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவை அதிலும் சேராது. மூன்று அங்குலக் கத்தி அந்தப் பக்கமே போகாது. ஆனால் இரவு பதினோரு மணிக்கு வண்டியை நிறுத்துகிற காவலர் கையில் அளவுகோல் இருக்காது. அவர் பார்ப்பது கத்தி எப்படித் திறக்கிறது என்பதைத்தான். கோர்ட்டுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் போகிற நாளில் இரண்டையுமே வீட்டில் வைத்துவிடுவேன். விமானம் என்றால் கையில் எடுத்துப்போகிற பையில் வைக்கக் கூடாது, சரக்கில் போடுகிற பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

இனி இரும்பு. எம்390-இல் கார்பன் 1.9 சதவீதம், குரோமியம் 20, வனேடியம் 4. உருகிய இரும்பைத் தூளாக்கி, அழுத்திச் சூடேற்றி மறுபடி கட்டியாக்குகிறார்கள். 52100-இல் கார்பன் 1 சதவீதம், துருவைத் தடுக்கிற குரோமியம் ஒன்றரைதான். ஒரு மழை நாள் ஈரத்தோடு வைத்தால் மறுநாள் செம்புள்ளி. வாழைக்காரனுக்கு இது முக்கியம், ஏனென்றால் வாழைப்பால். வேட்டியில் பட்டால் சாகும்வரை போகாத அதே கறை. அதில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுக்கும். முதல் நாள் பூவன் காம்பை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தேன், மாலைக்குள் அலகு நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி ஆகிவிட்டது. மனசு நொந்துபோனேன். பத்து நாளில் மாம்பழம், எலுமிச்சை, வாழை எல்லாம் சேர்ந்து ஒரே சீரான சாம்பல் நீலம் ஆனது. அந்தப் படலம் வந்தபிறகு துரு ஏறுவதும் குறைந்துவிட்டது. இப்போது அந்த நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது. மச்சினன் கத்தியில் வாழைப்பால் பட்டால் ஈரத்துணியால் துடைத்தால் சரி, போன வருடம் போலவே பளபளக்கும்.

கூர் நிற்பதில் எம்390-ஐ அடித்துக்கொள்ள முடியாது. மூன்று வாரம் பிளாஸ்டிக் சாக்கும் நைலான் கயிறுமாக அறுத்தும் தாளைச் சீவியது. என்னுடையதை நாலைந்து நாளைக்கு ஒருமுறை கவனிக்க வேண்டும். கவனிப்பது என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத ஒரு வளையம் சொரசொரப்பாக இருக்கும். அதில் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து இழு. போதும். எம்390 மழுங்கினால் ஜாடிக்கு மசியாது, வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். சைக்கிளில் வருகிற சாணைக்காரரிடம் மட்டும் இரண்டையுமே கொடுத்துவிடாதீர்கள். அரிவாள்மனைக்கு அவர் சரி. மெல்லிய அலகை அந்தச் சக்கரத்தில் வைத்து, விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு தீட்டினாலும் நிற்காது.

ஆனால் கூர் நிற்பது வேறு, அறுப்பது வேறு. இது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. மச்சினன் கத்தியின் முதுகு 3.8 மில்லிமீட்டர், கூருக்குச் சற்று மேலேயே முக்கால் மில்லிமீட்டர் தடிப்பு. கொய்யாவில் வைத்து அழுத்தினால் பாதிவரை நறுக்கும், அப்புறம் ஆப்பு அடித்த மாதிரி பிளக்கும். என் கத்தி அதே இடத்தில் 0.3 மில்லிமீட்டர். வெள்ளரிக்காயைக் கண்ணாடி போலச் சீவலாம். விலையில் மூன்றில் ஒரு பங்கு.

வண்டலைச் சொல்லவில்லையே. சேற்றுக் கையோடு எடுத்தால் அந்த பேரிங்குக்குள் மணல் போய் நறநறவென்கிறது. கழற்ற நட்சத்திரத் தலை திருகாணி, அதற்கான திருப்புளி எந்த ஹார்டுவேர் கடையிலும் இல்லை. கடைசியில் மொபைல் சர்வீஸ் பையன்தான் கழற்றிக் கொடுத்தான். என்னுடையதைத் தண்ணீரில் அலசி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் அலகில் தடவ நல்லது, மூட்டில் விட்டால் மார்கழியில் உறைந்துகொள்ளும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இதை மறைத்தால் நியாயமில்லை. புரட்டாசி நடுவில் ஒரு பிளாஸ்டிக் கேனில் ஓட்டை போட, என் கத்தியின் முனையை வைத்துக் குத்தினேன். பூட்டு இல்லாத கத்தியால் குத்தக் கூடாது என்று அதைச் செய்தவர் போனில் இரண்டு முறை சொல்லியிருந்தார். முனை வழுக்கியது, அலகு மடங்கியது, நடுவில் என் ஆள்காட்டி விரல். மூன்று தையல், ஒரு டிடி ஊசி. தையல் போட்ட நர்ஸம்மா "என்னத்துல வெட்டுச்சு" என்று கேட்டபோது சொல்லவே கூச்சமாக இருந்தது. அடுத்த இரண்டு வாரம் மச்சினன் கத்தியைத்தான் எடுத்துப் போனேன், அந்தப் பூட்டு விழுகிற சத்தம் அப்போது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. குத்துகிற வேலை, ஒற்றைக் கையால் திறக்க வேண்டிய வேலை அடிக்கடி வருகிறவன் பூட்டு உள்ளதையே வாங்கட்டும். நான் சண்டைக்கு வரமாட்டேன். எனக்கு அது மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, இப்போது அதற்கு ஒரு திருப்புளியைக் காய்ச்சி வைத்துக்கொள்கிறேன்.

ஆயுத பூஜையன்று அம்மா இரண்டையும் கேட்டு வாங்கினாள். எப்போதும் போல, "கையில குடுக்காத, கீழ வை, எடுத்துக்கறேன்." கத்தியைக் கைக்குக் கை மாற்றினால் சண்டை வரும் என்பது அவளுடைய சட்டம். சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியதைப் பிறகு பார்த்தேன். பலாப்பிடி, அரிவாள்மனைக்கும் பாக்குவெட்டிக்கும் நடுவில் இருந்தது. டைட்டானியத்தை என் லேப்டாப்புக்கும் மோட்டார் ஸ்டார்ட்டருக்கும் பக்கத்தில் வைத்திருந்தாள். போன வாரம் வாழைப்பூ ஆய்வதற்குப் பலாப்பிடியைத்தான் தேடி எடுத்திருக்கிறாள், காம்பு கிள்ள வசதியாம். அலகில் புதிதாக ஒரு கறுப்பு.

ஆக, என்னுடையது என்னிடமே. செய்தவரிடம் பேசிவிட்டேன். அடுத்த மாதம் அனுப்பினால் பின்முனையில் வெண்கல வளையம் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். அரைஞாண் கயிறு என்றால் என்ன என்று அவருக்கு விளக்கத்தான் கால் மணி நேரம் ஆனது.

மச்சினனுடையது விற்பனைக்கு. அவனும் சரி என்றுவிட்டான். வாங்கியது 28,000, கேட்பது 18,000. கூர் தீட்டாதது, ஒரு கீறல் கிளிப்பில் மட்டும், அது கைலி விவகாரம். ஜீன்ஸ் போடுகிறவர்கள் உள்பெட்டியில் வாருங்கள். திருச்சி வரை நானே கொண்டுவந்து கையில் கொடுப்பேன். கையில் என்றால், மேசைமேல் வைப்பேன், நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும்.