படத்தில் பசி எங்கே போனது?

ஹங்கர் கேம்ஸ் படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் சுற்றிச் சுற்றி மூன்று விஷயம்தான் பேசுகிறார்கள். நாயகி கேட்னிஸாக ஜெனிஃபர் லாரன்ஸின் நடிப்பு, அவளுக்குப் பீட்டாவா கேலா என்ற சண்டை, கடைசிப் புத்தகத்தை எதற்கு இரண்டு படமாக வெட்டினார்கள் என்ற கோபம். பேசட்டும், தப்பே இல்லை. ஆனால் தலைப்பிலேயே இருக்கிற பசியைப் பற்றி யாரும் பேசக் காணோம். இந்தப் படங்கள் மேல் எனக்கிருக்கும் மனத்தாங்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நான் இந்தப் படங்களை வெறுக்கிறவன் இல்லை, இரண்டாவது படத்தை எப்போது போட்டாலும் உட்கார்ந்து பார்ப்பேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்தப் படங்களுக்கு மூலமான சூசன் காலின்ஸ் தொடரின் முதல் புத்தகம் 2008-இல் வந்தது. கதை எல்லோருக்கும் தெரியும். பானெம் என்ற நாடு, நடுவில் கொழுத்த கேப்பிடல், சுற்றிலும் 12 மாவட்டங்கள், வருஷா வருஷம் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண், மொத்தம் 24 பிள்ளைகள், ஒருத்தர் மட்டும் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும், அதை நாடே டிவியில் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி டிவியில் சேனல் மாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் ரியாலிட்டி ஷோ, இன்னொரு பக்கம் ஈராக் போர்க் காட்சிகள், இரண்டும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்ததில்தான் இந்தக் கதை பிறந்தது என்று காலின்ஸே சொல்லியிருக்கிறார். சரி, அது கதையின் பொறி. கதையின் உடம்பு சாப்பாடு.

புத்தகத்தை ஒரு முறை சாப்பாட்டுக்காக மட்டும் படித்துப் பாருங்கள். அப்பா சுரங்க விபத்தில் செத்த பிறகு அம்மா படுத்த படுக்கையாகிவிட, 12-ஆம் மாவட்டத்தில் 11 வயது கேட்னிஸ் தங்கச்சி ப்ரிமின் குழந்தைப் பருவத் துணிகளைச் சந்தைக்கு எடுத்துப்போய் மழையில் நிற்கிறாள், வாங்க ஆளில்லை. கடைக்காரர்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் குப்பைத் தொட்டிகளைத் திறந்து பார்க்கிறாள், அவையும் அப்போதுதான் காலி செய்யப்பட்டிருக்கின்றன. அந்த மாவட்டத்தில் பட்டினியால் செத்தவர்கள் யாருமே கணக்கில் பட்டினியால் சாவதில்லை, காய்ச்சல், குளிர், நிமோனியா என்று எழுதிவிடுகிறார்கள். (பட்டினிச் சாவு என்று எந்த அரசுதான் எழுதியிருக்கிறது?) அந்த நிலையில்தான் பேக்கரிக்காரர் மகன் வேண்டுமென்றே ரொட்டியைக் கருகவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கி, கன்னத்தில் தடிப்போடு வெளியே வந்து அவள் பக்கம் இரண்டு ரொட்டிகளை எறிகிறான். அவன்தான் பீட்டா. பின்னால் வருகிற காதல், சந்தேகம், கடன்பட்ட உணர்ச்சி எல்லாமே அந்த இரண்டு ரொட்டியில் முளைத்தவை.

2012-இல் வந்த கேரி ராஸின் படத்தில் இது துண்டு துண்டான நினைவாக, சில நொடிகள் மின்னிவிட்டுப் போகிறது. புத்தகம் படிக்காதவருக்கு ஒரு பையன் ஒரு பெண்ணுக்கு ரொட்டி போட்டான் என்பது புரியும். அந்த ரொட்டி இல்லாவிட்டால் அந்த வீட்டில் மூன்று பேரும் செத்திருப்பார்கள் என்பது புரியாது.

இன்னும் பெரிய இழப்பு டெஸரா. விளையாட்டுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் பெயர் போடும் கணக்கு அது. 12 வயதில் ஒரு சீட்டு, 13-இல் இரண்டு, இப்படியே 18-இல் ஏழு. இதுவரைக்கும் எல்லோருக்கும் சமம். ஆனால் வீட்டில் சோறில்லை என்றால் கூடுதலாக ஒரு சீட்டுப் போட்டு, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான கொஞ்சம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை முறை. அதுவும் வருஷா வருஷம் சேர்ந்துகொண்டே போகும். 16 வயது கேட்னிஸின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது, அதில் 15 சோற்றுக்காகப் போட்டவை. அவளோடு வேட்டைக்குப் போகும் 18 வயது கேல், ஐந்து பேர் கொண்ட குடும்பம், 42 சீட்டு. ரேஷன் வாங்கினால் உன் சாவுக்கான வாய்ப்பு கூடும் என்று ஒரு அரசாங்கம் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. மொத்தத் தொடரிலும் இதைவிடக் கொடூரமான கற்பனை எனக்குத் தென்படவில்லை, கொலைக்களத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். படத்தில் இது என்னவாகிறது? கேல் 42 என்று ஒரு வசனம் சொல்வான், கேட்னிஸ் தங்கச்சியிடம் கூடுதல் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுக்காதே என்பாள். அவ்வளவுதான். கண் சிமிட்டினால் போச்சு.

அப்புறம் மேஜ். மேயரின் மகள். படத்தில் அவளே கிடையாது, சின்னப் பாத்திரம்தானே என்று எடுத்துவிட்டார்கள். குலுக்கல் நாள் காலையில் கேலும் கேட்னிஸும் ஸ்ட்ராபெரி விற்க மேயர் வீட்டுப் பின்வாசலுக்குப் போகிறார்கள். மேஜ் நல்ல வெள்ளை கவுன் போட்டு நிற்கிறாள், அதில் ஒரு தங்க ஊசி. கேலின் கண் அந்த ஊசியில் விழுகிறது. அதை விற்றால் ஒரு குடும்பம் மாசக்கணக்கில் ரொட்டி சாப்பிடலாம் என்று கேட்னிஸ் நினைக்கிறாள். உனக்கு என்ன, அஞ்சு சீட்டு இருக்குமா, எனக்கு 12 வயதிலேயே ஆறு இருந்தது என்று கேல் மேஜிடம் குத்திக் காட்டுகிறான். அந்த ஊசிதான் மாக்கிங்ஜே என்ற பறவை பொறித்த ஊசி! புரட்சியின் சின்னமாகிற அந்த ஊசி கதைக்குள் முதலில் நுழைவதே ரொட்டி விலையில்தான். 12-ஆம் மாவட்டத்துக்குள்ளேயே சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான சீம் ஒரு பக்கம், கடைக்காரர்களின் டவுன் ஒரு பக்கம் என்று கோடு கிழிந்திருப்பதை வாசகருக்குக் காட்டுகிற இடம் அது. படத்தில் கேட்னிஸுக்கு அது கறுப்புச் சந்தையில் ஒரு பாட்டியின் மேஜையில் கிடைக்கிறது, காசுகூட இல்லாமல். ஒரு பாத்திரத்தைக் குறைத்தோம் என்று நினைத்திருப்பார்கள், ஆனால் போனது வர்க்கம்.

இதற்கு நடிகர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அந்தச் சமயத்தில் ஜெனிஃபர் லாரன்ஸின் உடம்பைப் பார்த்து இவள் பட்டினி கிடந்தவள் மாதிரியா இருக்கிறாள் என்று எழுதினார்கள், அது அசிங்கமான பேச்சு. பசியைக் காட்ட நடிகையைப் பட்டினி போட வேண்டியதில்லை, கேமரா சாப்பாட்டைப் பார்த்தாலே போதும். கேப்பிடலில் முதல் மதிய உணவு வருகிறபோது புத்தகத்தில் கேட்னிஸ் என்ன செய்கிறாள் தெரியுமா? மனசுக்குள் கணக்குப் போடுகிறாள். கோழிக்குப் பதில் காட்டு வான்கோழி, ஆரஞ்சுக்கு மாற்றாகக் கொடுக்க இன்னொரு வான்கோழி, க்ரீமுக்கு ஆட்டுப் பால், இதையெல்லாம் சேர்க்க எத்தனை நாள் வேட்டை என்று. பசித்து வளர்ந்தவர்களின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். இதைப் படமாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. திரைக்கதையில் காலின்ஸின் பெயரும் இருக்கிறது, தெரியாமல் நடந்ததும் இல்லை.

வன்முறை இருந்தும் அமெரிக்காவில் சிறுவர்களும் பார்க்கலாம் என்ற பிஜி-13 சான்றிதழ் வேண்டும் என்பதால் கேமராவை ஆட்டி ஆட்டி எடுத்தார்கள், பிரிட்டனில் 12ஏ சான்றிதழுக்காக 7 நொடி ரத்தத்தை நீக்கினார்கள். அது வியாபாரக் கட்டாயம், விட்டுவிடலாம். பசிக்கு எந்தத் தணிக்கையும் தடை போடவில்லையே.

இதைவிட வயிற்றெரிச்சல் விளம்பரம். 2013-இல் இரண்டாவது படமான கேச்சிங் ஃபயர் வந்தபோது கவர்கேர்ள் நிறுவனம் கேப்பிடல் பெயரில் ஒப்பனைப் பொருட்கள் விற்றது. சப்வே சாண்ட்விச் கடைகள் அந்தப் படத்தோடு சேர்ந்து விளம்பரம் செய்தன. பிள்ளைகள் பட்டினியில் சாகிற கதையை வைத்து சாண்ட்விச்! துபாய் மோஷன்கேட் பூங்காவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கேப்பிடல் புல்லட் ட்ரெய்ன் என்று ஒரு ரோலர்கோஸ்டரே ஓடுகிறது. கொல்லப்படப் போகிற பிள்ளைகளை ஏற்றிப்போன ரயில் அது. நமக்கு டிக்கெட் கொடுத்து ஏற்றுகிறார்கள்.

சரி, நியாயமாகப் பேச வேண்டும் என்றால் படங்கள் சேர்த்ததும் இருக்கிறது. புத்தகம் முழுக்கக் கேட்னிஸின் குரலில் போவதால் அவள் பார்க்காத எதையும் நாம் பார்க்க முடியாது. படம் விளையாட்டை நடத்துகிறவர்களின் கட்டுப்பாட்டு அறைக்குள் போகிறது, ஒரு பட்டனில் காட்டுத்தீயை ஏவுகிறவர்களின் சாதாரண முகங்களைக் காட்டுகிறது. பானெமின் அதிபர் ஸ்நோவாக நடித்த டொனால்ட் சதர்லேண்ட் பாத்திரத்தைப் பற்றி இயக்குநருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதி, அதன் விளைவாகத்தான் ரோஜாத் தோட்டக் காட்சிகள் வந்தன. பயத்தைவிட வலிமையானது நம்பிக்கை, அதைக் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று பூ வெட்டிக்கொண்டே அவர் பேசுவது புத்தகத்தில் இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய காட்சி. 2024-இல் அவர் இறந்த செய்தி பார்த்ததும் எனக்கு அந்தத் தோட்டம்தான் ஞாபகம் வந்தது.

மூன்று விரல் வணக்கமும் அப்படித்தான். புத்தகத்தில் அது 12-ஆம் மாவட்டத்தின் பழைய வழக்கம், எப்போதாவது சாவு வீட்டில் செய்வது. திரையில் 11-ஆம் மாவட்டத்துக் கிழவர் அதைக் காட்டியதற்காகச் சுடப்படுவதைப் பார்த்த பிறகு அது வேறொன்றாகிவிட்டது. 2014-இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது இளைஞர்கள் அந்த மூன்று விரலைத்தான் தூக்கினார்கள். அந்த நவம்பரில் பிரதமர் பிரயுத் முன்னால் அதைக் காட்டிய ஐந்து மாணவர்களைப் பிடித்துப்போனார்கள். 2021-இல் மியான்மர் தெருக்களிலும் அதே விரல்கள். புத்தகம் மட்டும் இருந்திருந்தால் அது இவ்வளவு தூரம் போயிருக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது படத்திலிருந்து இயக்குநர் ஃபிரான்சிஸ் லாரன்ஸ். அவர் படத்தில் ஒரு இடம் என் குறையை ஓரளவு தீர்த்தது. அதிபர் மாளிகை விருந்தில் பீட்டாவிடம் ஒரு பானத்தைக் கொடுப்பார்கள், குடித்தால் வாந்தி வரும், வயிறு காலியானதும் மறுபடி சாப்பிடலாம். 12-இல் ஜனங்கள் பட்டினி கிடக்கிறார்கள், இங்கே இப்படியா என்று பீட்டா பல்லைக் கடிப்பான். ஒரு நிமிஷக் காட்சிதான். ஆனால் எதற்காகப் புரட்சி என்பது அங்கே புரிந்துவிடுகிறது. கடைசிப் புத்தகமான மாக்கிங்ஜேயை இரண்டாகப் பிரித்ததற்கு அவரே பிற்பாடு வருத்தம் தெரிவித்துவிட்டார், அதைத் திரும்பக் கிளற வேண்டாம்.

2023-இல் வந்த முன்கதைப் படம் என்னை ஆச்சரியப்படுத்தியது. தொடக்கத்திலேயே போர்க்கால கேப்பிடல், சின்னப் பையன் ஸ்நோவும் அவன் ஒன்றுவிட்ட அக்கா டைக்ரிஸும் ஒளிந்திருந்து பார்க்க, தெருவில் கிடக்கும் பிணத்திலிருந்து ஒருவன் சாப்பாட்டுக்காகக் காலை வெட்டி எடுக்கிறான். முதல் படத்தில் காணாமல் போன பசி, ஒரு சர்வாதிகாரியின் குழந்தைப் பருவத்தில் திரும்பி வந்திருக்கிறது. பசித்த பையன் ஏன் ஊரையே பசிக்க வைத்தான் என்று யோசிக்க வைத்த அந்தப் படத்துக்கு முதல் நான்கு அளவுக்குப் பேச்சில்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

அடுத்து 2025-இல் வந்த புத்தகத்தைப் படமாக்குகிறார்கள், 2026 நவம்பரில் வெளியீடு என்று அறிவிப்பு. கேட்னிஸுக்கு வழிகாட்டியாக இருந்த ஹேமிட்சின் கதை, 50-ஆவது விளையாட்டு, இரட்டிப்பாக 48 பிள்ளைகள். அதில் ஹேமிட்சோடு போகிறவர்களில் ஒருத்தி மேஸிலி டோனர், மிட்டாய்க் கடைக்காரர் மகள், மேஜின் அம்மாவுக்கு இரட்டைச் சகோதரி. அந்தத் தங்க ஊசி முதலில் அவளுடையது. முதல் படத்தில் மேஜோடு சேர்த்துத் தூக்கிப்போட்ட கதை சுற்றி வளைத்துத் திரும்ப வந்து நிற்கிறது. சீம் பையன் ஒருத்தன், டவுன் பெண் ஒருத்தி, ஒரே களத்தில். இந்த முறை அந்தக் கோட்டை அழித்துவிட்டுப் படம் எடுக்கவே முடியாது. டெஸராவையும் ஒற்றை வசனத்தில் தாண்டாமல், குலுக்கல் கிண்ணத்தில் யாருடைய பெயர் எத்தனை சீட்டில் கிடக்கிறது, எதற்காகக் கிடக்கிறது என்று ஃபிரான்சிஸ் லாரன்ஸ் காட்ட வேண்டும். ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும், சண்டைக் காட்சியில் அந்த ஐந்து நிமிஷத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.